தில்லி 'சராய்' நினைவிருக்கிறதா? அந்த மாதிரி ஓர் இடம் இனி சாத்தியமா?

#1 சாவடிராசு

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு தடித்த புத்தகம் கையில் சிக்கியது. சராய் ரீடர் என்ற கட்டுரைத் தொகுப்பு, முதல் தொகுதி, 2001. முதுகு பிய்ந்திருக்கிறது. உள்ளே பக்க அடையாளமாக ஒரு டி.டி.சி. பஸ் டிக்கெட். இங்கே பழைய தில்லிக்காரர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. தில்லி சிவில் லைன்ஸ் பகுதியில் ராஜ்பூர் ரோடு, 29ஆம் எண். அங்கே இருப்பது சி.எஸ்.டி.எஸ்., அதாவது ரஜினி கோத்தாரி 1963இல் தொடங்கிய சமூக ஆய்வு மையம். அதற்குள், நகரத்தையும் ஊடகத்தையும் ஆராய்கிற ஒரு தளமாக 2000இல் முளைத்ததுதான் சராய். ஆய்வு மையத்திலிருந்து இருவர்: சினிமா வரலாற்றில் வேலை செய்த ரவி வாசுதேவன், நகரத்தையும் ஊடகத்தையும் பற்றி எழுதிய ரவி சுந்தரம். வெளியிலிருந்து மூவர்: ஜீபேஷ் பாக்சி, மோனிகா நருலா, சுத்தப்ரதா சென்குப்தா. இந்த மூவரும் 1992 முதல் 'ரக்ஸ் மீடியா கலெக்டிவ்' என்ற பெயரில் கலைஞர் குழுவாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். 2001 பிப்ரவரியில் ஒரு மாநாட்டோடு வாசல் திறந்தது. மாநாட்டின் தலைப்பு 'பொதுவெளி'. முதல் ரீடருக்கும் அதே தலைப்பு.

சராய் என்றால் வழிப்போக்கர் தங்கிப்போகும் இடம். நம்மூர்ச் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரம் என்று சொல்ல மனம் வரவில்லை. சத்திரம் என்றால் சோறு இருக்க வேண்டும், எனக்குக் கிடைத்தது டீதான்.

நான் அப்போது ஒரு பதிப்பகத்தில் டி.டி.பி. ஆள். பி.காம். முடித்துவிட்டு ரயிலேறியவன். அங்கே பேசிய விமர்சனக் கோட்பாடு (சமூகத்தையும் அதிகாரத்தையும் கேள்வி கேட்கிற சிந்தனை) என்றால் ஏதோ இலக்கிய விமர்சனம் என்று நினைத்திருந்தேன். படம் போடுகிறார்கள் என்று ஒருவர் கூட்டிப்போனார். படம் முடிந்த பிறகு நடந்த பேச்சுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. தில்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் பழைய மதர்போர்டை எடுத்து, இன்னொருவர் பெட்டியில் பொருத்தி, மூன்றாமவர் திருட்டு சி.டி.யில் விண்டோஸ் ஏற்றி, பாதி விலைக்கு ஒரு கம்ப்யூட்டர் பிறக்கிறதே, அதைச் 'சட்டவிரோதம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட முடியுமா என்று கேள்வி. எங்கள் பதிப்பகத்தில் எழுத்துரு முதற்கொண்டு எல்லாமே அப்படி வந்தவைதான். என் பிழைப்பைப் பற்றி ஒரு அறையில் ஆராய்ச்சி மாதிரிப் பேசுகிறார்களே என்று வாய் பிளந்து கேட்டேன். ரவி சுந்தரம் பிற்பாடு அதையே விரித்து 'திருட்டு நவீனம்' என்கிற பொருளில் தனிப் புத்தகமாக எழுதினார். டி-சீரிஸ் கேசட் காலத்திலிருந்து தொடங்குகிற கதை அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரியையும் சாராதவர்களுக்கு ஃபெலோஷிப் கொடுத்தார்கள். பட்டம் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை, மாதாமாதம் என்ன கண்டுபிடித்தாய் என்று எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிப் போட வேண்டும். முடிந்த ஆய்வை மட்டும் காட்டினால் போதாது, தடுமாற்றத்தையும் காட்ட வேண்டும்.

கணினி, சினிமா, சட்டம், நகரம், கட்டற்ற மென்பொருள், கோட்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் கலந்த இடம். அப்படிப்பட்ட சுதந்திரமான இடம் ஒன்று இனி வருமா? இது என் ஏக்கம் மட்டும்தானா?

#2 கடுகுமணி

ராசு அண்ணே, ஏக்கமெல்லாம் சரி. 'சுதந்திரமான'னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. ஆம்ஸ்டர்டாமில் வாக் சொசைட்டினு, கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்த ஒரு அமைப்பு. ஆரம்பத்திலேயே அதோட கூட்டு. முதல் ரீடரோட தொகுப்பாளர் பட்டியல்லயே டச்சு இணைய விமர்சகர் ஹெர்ட் லோவிங்க் பேர் இருக்கும், பாருங்க. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியத்தோட இந்தியத் திட்டப் பணத்துல, ஆம்ஸ்டர்டாம், வியன்னா, தில்லி மூணு ஊரும் சேர்ந்து 'திறந்த வலைப்பின்னல்களின் பண்பாட்டை நோக்கி'னு ஒரு திட்டம். பெரிய முதலாளியைத் திட்டுறதுக்கு வெள்ளைக்கார அரசாங்கத்தோட மானியம். இதுக்குப் பேர் சுதந்திரம்னா, எங்க ஊர் கூட்டுறவு சங்கமும் சுதந்திரமானதுதான்.

2001ல இன்டர்நெட்னா உலகம் மாறிடும்னு எல்லாருக்கும் ஒரு மயக்கம் இருந்துச்சு. அந்த மயக்கத்துக்குப் பணம் கிடைச்சது. மயக்கம் தெளிஞ்சது, பணமும் போச்சு. அவ்வளவுதான் கதை.

#3 மின்கம்பி

கடுகுமணி, நீங்கள் சொன்ன மூன்று ஊரையும் எடுத்துக்கொள்வோம். கதை நீங்கள் சொல்கிற பக்கம் போகவில்லை.

ஆம்ஸ்டர்டாம். 1994 ஜனவரி 15 அன்று 'டிஜிட்டல் நகரம்' என்ற பெயரில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் திறந்தார்கள். டி பாலி என்ற பண்பாட்டு மையமும், ஹாக்டிக் என்ற ஹேக்கர் குழுவும் சேர்ந்து செய்தது. 10 வாரப் பரிசோதனை என்றுதான் தொடக்கம், மக்கள் விடவில்லை. அதை நடத்திய மார்லீன் ஸ்டிக்கரை 'மேயர்' என்றே கூப்பிட்டார்கள். சில ஆண்டுகளில் அதை வணிக நிறுவனமாக்கினார்கள், பொதுச்சொத்து என்ற உணர்வு அதோடு போயிற்று. ஆனால் அதே ஸ்டிக்கர் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கிய வாக் சொசைட்டி ஒரு கட்டடத்துக்குள் குடிபுகுந்தது. நியூமார்க்ட் சதுக்கத்தில், 1488இல் நகரவாசலாகக் கட்டி, பிறகு எடைச்சாவடியாக மாறிய கோட்டை. (ராசு சாருக்குப் பிடிக்கும், அதுவும் சாவடிதான்.) மேலே ஒரு மண்டபத்தில் மருத்துவர்கள் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்திய கட்டடம் அது. இன்றைக்கும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வியன்னா. அங்கே இருந்தது பப்ளிக் நெட்பேஸ் என்ற இணையப் பண்பாட்டு மையம், 1994இல் தொடங்கியது. கொன்ராட் பெக்கர் முன்னால் நின்று நடத்தினார். அவர்கள் வெளிநாட்டுக் காசை நம்பியவர்கள் அல்லர், சொந்த நாட்டு மானியத்தில் நடந்தவர்கள். 2000இல் தீவிர வலதுசாரிக் கட்சி கூட்டணி ஆட்சிக்குள் வந்தது. இவர்கள் எதிர்த்தார்கள். நெருக்கடி தொடங்கியது. மியூசியம்ஸ்குவார்ட்டியர் என்ற வளாகத்தைப் புதுப்பித்தபோது இடமும் போயிற்று. 2003இல் கார்ல்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரு விளையாட்டு செய்தார்கள், தெரியுமா? 'இந்தச் சதுக்கத்தின் பெயர் இனி நைக்கி சதுக்கம், நடுவில் நைக்கி சின்னத்தை ராட்சதச் சிலையாக நிறுத்தப்போகிறோம்' என்று கண்ணாடிக் கூடம் போட்டு அறிவித்துவிட்டார்கள். ஊர் கொதித்தது. நைக்கிக்குச் சம்பந்தமே இல்லை. அவர்கள் வழக்கு வரைக்கும் போனார்கள். நகரம் யாருடையது என்ற கேள்வியை நூறு கட்டுரை எழுதினாலும் இப்படிக் கேட்க முடியாது. 2006இல் நெட்பேஸ் மூடிவிட்டது.

நான்காவதாக, குரோஷியாவின் ஜாக்ரெப். மாமா என்ற இடம், 2000இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் சோரோஸின் அறக்கட்டளைப் பணத்தில் தொடங்கியது. நகர நடுவே, ஒரு முற்றத்துக்குள் இருக்கிற அறை. கோட்பாட்டுப் புத்தகம் போடுவது, கட்டற்ற மென்பொருள், அரசியல் கூட்டம் எல்லாம் ஒரே இடம். சோரோஸ் காசு எப்போதோ நின்றது, மாமா நிற்கவில்லை.

ஆக, அந்நியக் காசு வாங்கியவன் பிழைத்திருக்கிறான், உள்ளூர்க் காசு வாங்கியவன் போய்விட்டான். பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. இடத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

#4 தென்னவள்

மின்கம்பி சொன்ன சாவிக்கே வருகிறேன். இதுவரைக்கும் ஆண்கள் எல்லோரும் ராஜ்பூர் ரோட்டு அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். சராய் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுகிற அறை அங்கே இல்லை.

2001இல் 'அங்கூர்' என்ற மாற்றுக் கல்வி அமைப்போடு சேர்ந்து சைபர்மொகல்லா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொகல்லா என்றால் பேட்டை, தெரு. முதல் அறை எல்.என்.ஜே.பி. காலனியில். அரசு மருத்துவமனையை ஒட்டிய குடிசைப் பகுதி அது. 'கம்ப்யூகர்' என்று பெயர் வைத்தார்கள், கம்ப்யூட்டர் வீடு. சில கணினிகள், அதில் லினக்ஸ், ஒலிப்பதிவுக் கருவி, கேமரா. வந்தவர்கள் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பையன்கள், பெண்கள். பெண்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போகவே காரணம் சொல்ல வேண்டிய வயதில், 'கம்ப்யூட்டர் கத்துக்கப் போறேன்' என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு தினமும் வெளியே வரலாம். உள்ளே போனால் எக்செல் கற்றுத்தரவில்லை. எழுதச் சொன்னார்கள். நேற்று தெருவில் என்ன கேட்டாய்? தண்ணீர் வரிசையில் யார் யாரிடம் பேசினார்கள்? எழுதியதை மற்றவர்கள் முன்னால் படிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 'இபாரத்' என்று சுவரில் ஒட்டும் பத்திரிகை போட்டார்கள். தெருவில் போகிறவன் நின்று படிப்பான்.

கணினி மையம் என்றாலே 'ஏழைப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பு' என்று நினைக்கிற நாட்டில், ஏழைப் பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று ஒருத்தர் நினைத்தாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்து தக்ஷிண்புரி. அதற்கடுத்து யமுனைக் கரையில், பிரகதி மைதான் பக்கம், நாங்லா மாஞ்சி. அங்கே அறை திறந்து இரண்டு வருடத்துக்குள், 2006இல், நீதிமன்ற உத்தரவோடு புல்டோசர் வந்தது. ஒரு குடியிருப்பு முழுவதையும் இடித்தார்கள். வழக்கமாக இதற்குச் செய்தித்தாளில் நான்கு பத்தி வரும். ஆனால் நாங்லாவில் எழுதப் பழகியவர்கள் இருந்தார்கள். கணக்கெடுப்பு நடந்த நாள், சுவரில் எண் போட்ட நாள், எந்த வீட்டுக்காரர் தானே கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார், இடித்த மறுநாள் யார் திரும்பி வந்து எதைத் தேடினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். அந்த எழுத்துகளும் மற்றப் பேட்டை எழுத்துகளும் சேர்ந்து 2007இல் இந்தியில் புத்தகமாக வந்தன, 2010இல் ஆங்கிலத்தில்.

#5 கடுகுமணி

தென்னவள் அக்கா, எழுத்தைக் குறை சொல்லல. ஆனா யாருக்குப் பேர் கிடைச்சது? ரக்ஸ் 2002லயே ஜெர்மனி காசெல்ல நடக்கிற டாக்குமெண்டா கலைக் கண்காட்சிக்குப் போயாச்சு. அப்புறம் பியனாலேங்கிற சர்வதேசக் கலைவிழா, ஒண்ணு மேல ஒண்ணு. நாங்லாவுல வீடு போனவங்களுக்குக் கெவ்ராவுல மனை கொடுத்தாங்க, நகரத்தோட ஒரு மூலையில. அந்தக் கெவ்ராவுக்குனு ஜெர்மன் கட்டடக் கலைஞர்களை வெச்சு சைபர்மொகல்லாவுக்கு ஒரு 'ஹப்', அதாவது கூடுறதுக்கு ஒரு கட்டடம், வரைஞ்சாங்க. அதோட மாதிரி ஐரோப்பியக் கண்காட்சிக்கெல்லாம் போச்சு. குடிசைக்காரன் துன்பம் வெள்ளைக்காரன் காட்சிக்கூடத்துல ஒயின் குடிக்கும்போது பார்க்கிறதுக்கா? கோபமா கேக்கறேன், மன்னிச்சுக்குங்க.

#6 தென்னவள்

மன்னிக்க ஒன்றுமில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்த 'ஹப்' படங்களை முதலில் பார்த்தபோது எனக்கும் சுருக்கென்றது.

ஆனால் வரிசையைப் பார். முதலில் சுவர்ப் பத்திரிகை, பிறகு இந்திப் புத்தகம், மூன்று வருடம் கழித்துத்தான் ஆங்கிலம். முதல் வாசகர் பக்கத்து வீட்டுக்காரர். காட்சிக்கூடத்துக்காகவே எழுதியிருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கும். இன்னொன்று, அவர்கள் எழுத்தில் 'ஐயோ பாவம்' இல்லை. நம் பத்திரிகைகளில் சேரி என்றாலே கண்ணீரோ சாதனையோதான் வரும், '10ஆம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற கூலித் தொழிலாளி மகள்' மாதிரி. அவர்களோ ஒரு டீக்கடை பெஞ்சைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவார்கள். பெஞ்சைப் பற்றி மூன்று பக்கம் எழுத ஒரு ஏழைக்கு உரிமை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால், பாதி வாதம் முடிந்தது.

மீதிப் பாதி, நீ சொல்கிற பெயர்க் கணக்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#7 ஓலைக்கட்டு

கடுகுமணி டாக்குமெண்டாவைக் குறிப்பிட்டதால் ஒரு சங்கதி. அங்கே ரக்ஸ் கொண்டுபோனவற்றில் 'ஓபஸ்' என்ற மென்பொருளும் ஒன்று. ஒருவர் ஒரு படமோ எழுத்தோ ஒலியோ போடலாம். இன்னொருவர் அதை எடுத்து மாற்றி, தன்னுடையதாகத் திரும்பப் போடலாம். எது எதிலிருந்து பிறந்தது என்ற வம்சாவளி மட்டும் கூடவே இருக்கும். மூலம் பெரிது, மாற்றியது சிறிது என்ற பேதம் கிடையாது.

2003 ரீடரில் டிஜிட்டல் பொதுச்சொத்துக்கு ஓர் அகராதி எழுதியிருந்தார்கள். அதில் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள், 'ரெசென்ஷன்'. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சுவடி படிக்கிறவன். இது நம் பாடபேதம்! ஒரே பாட்டுக்கு மூன்று ஏட்டில் மூன்று வடிவம் இருக்கும். பதிப்பாசிரியர் ஒன்றை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் தள்ளுவார். அச்சு வந்த பிறகு வந்த பழக்கம் இது. ஏடு எழுதியவனுக்கு, தன் கையில் இருப்பதுதான் பாட்டு. அவனவன் ஊர்ச் சொல்லை நுழைத்துக்கொண்டான். கதை கேட்கிற மரபிலிருந்து ரக்ஸ் இந்த எண்ணத்தை எடுத்ததாகத் தெரிகிறது, அதனால் உறவு வெறும் தற்செயல் இல்லை.

ஓபஸ் ஓடியதா என்றால், பரவலாக ஓடவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு மீம் எப்படிப் பிறந்து எப்படி மாறுகிறது என்று பார்க்கிறவர்கள், அது தோற்றுப்போன யோசனை என்று சொல்ல மாட்டார்கள். வம்சாவளிதான் காணாமல் போய்விட்டது. யார் முதலில் வரைந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது.

#8 இணுவிலான்

நல்ல இழை. ஒரு சந்தேகம் கேக்கலாமோ? எங்கட ஆக்கள் 2005இல நூலகம் திட்டத்தைத் தொடங்கினவை. இலங்கைத் தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எண்டு ஸ்கான் பண்ணிப் போட்டுக்கொண்டே இருக்கினம். அதுக்கு முதல் 1998இல, தமிழ் இலக்கியத்தை இணையத்தில போடுற மதுரைத் திட்டம் வந்தது. ரெண்டும் தன்னார்வமாய் நடக்கிறது, ரெண்டும் இண்டைக்கும் உயிரோட இருக்கு. ஒரு நூலகம் எரிஞ்ச ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அதின்ர அருமை தெரியும். இதையெல்லாம் விட்டுட்டு ஏன் தில்லியைப் பாத்து ஏங்கோணும்?

#9 சாவடிராசு

இணுவிலான், ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன். நூலகம் மாதிரி ஒரு வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். சராய்கூட அந்த அளவு பெரிய ஆவணம் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. 9 ரீடர்கள் உண்டு. 2013இல் வந்ததுதான் ஒன்பதாவது. எல்லாம் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைத்தன. அது தவிர நூறு சிறு ஆய்வுகள், சிதறிக் கிடக்கின்றன.

நான் சொல்ல வந்தது வேறு. நம்மிடம் கிடங்கு இருக்கிறது, நல்ல கிடங்கு. நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். அதைக் குத்தி, சமைத்து, 'உப்பு பத்தலை' என்று சண்டை போட ஒரு இடம் இல்லை. சராயில் எனக்குக் கிடைத்தது அந்தச் சண்டை. சட்டம் படித்தவர் ஒருத்தர், வெறும் சட்டப் புத்தகத்தைக் காட்டி, 'இதில் திருட்டு என்ற சொல் எங்கே இருக்கிறது, காட்டு' என்பார். சினிமா ஆள் ஒருத்தர் எழுந்து, அந்தச் சட்டம் வருவதற்கு முன் தியேட்டர்க்காரர்கள் எப்படிப் படத்தைப் பங்கு போட்டார்கள் என்று ஆரம்பிப்பார். நான் பின்வரிசையில் இருந்து, 'எங்க ஆபீஸ்ல ஒரே சி.டி. 14 மெஷினுக்கு' என்று சொன்னேன். இந்தியும் ஆங்கிலமும் கலந்து திக்கித் திக்கித்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டார்.

இதில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். ஃபெலோஷிப் விண்ணப்பமும் அப்படித்தான். நான் தமிழில் யோசித்து, இந்தியில் தடுமாறி, ஆங்கிலத்தில் எழுதாமலே விட்டேன். சராயில் இருந்த ரவிகாந்த் மாதிரி ஆட்கள் இந்திக்காக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். 'தீவான்-ஏ-சராய்' என்று தனியாக இந்தித் தொகுதிகள் வந்தன. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான்.

#10 மின்கம்பி

ரவிகாந்த் பெயர் வந்ததால் ஒன்று. லினக்ஸை இந்திக்குக் கொண்டுவந்த வேலையில் சராய்க்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் இந்திக் கோப்பு ஒன்றை அனுப்பினால், அதே கிருதிதேவ் எழுத்துரு அடுத்தவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் குப்பை தெரியும். தமிழிலும் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்து முறை, அதே கூத்துதான். யூனிகோடு வந்துதான் நிம்மதி.

ஆனால் கவனியுங்கள். இந்தியில் 'ஃபைல்' என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்வியை அவர்கள் வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக நினைக்கவில்லை. சமஸ்கிருதச் சொல் வேண்டுமா, தெருவில் பேசுகிற சொல் வேண்டுமா என்று எழுத்தாளர்களையும் பொறியாளர்களையும் ஒன்றாக உட்கார வைத்து வாதாடினார்கள். நம் பக்கம் சொல்லாக்கம் நிறைய நடந்தது, பெரும்பாலும் பட்டியலாக வந்து இறங்கியது. பட்டியலோடு யாரும் வாதாட முடியாது.

#11 கடுகுமணி

பட்டியல் போட்டவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க மின்கம்பி. மானியம் இல்லாம, ராத்திரி கண் முழிச்சுப் போட்ட பட்டியல் அது. உங்க லேப்டாப்ல இன்னிக்குத் தமிழ் தெரியுதுன்னா

#12 மட்டுறுத்துனர்

இதைத் தொடர்ந்து வந்த 6 பதிவுகளைச் சொல்லாக்க இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளலாம். இங்கே தில்லி.

#13 கரோல்பாக் பாலு

வணக்கம். நான் அதிகம் எழுதுகிறவன் அல்ல, வாசிப்பவன். 1979 முதல் தில்லியில் இருக்கிறேன். சராய்க்கு நான் போனதில்லை. கோட்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் நாங்லா மாஞ்சியை ரிங் ரோட்டில் பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்தவன். ஒரு நாள் இருந்தது, பிறகு வெறும் செங்கல். அங்கே எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை இன்று தென்னவள் அம்மா எழுதித்தான் அறிகிறேன்.

நீங்கள் எல்லோரும் 2006ஐப் பற்றிப் பேசுகிறீர்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா கால்வாய் ஓரம், பல பத்தாண்டாக இருந்த தமிழ்க் குடியிருப்பு. சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்த பெண்கள், அவர்கள் குடும்பங்கள். அங்கேயும் நீதிமன்ற உத்தரவுதான், ஆற்றில் கலக்கும் கால்வாயில் அடைப்பு என்பதுதான் காரணம். தகுதி இருக்கிறது என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நரேலாவில் ஃப்ளாட். பட்டியலில் வராதவர்களுக்கு ஒன்றுமில்லை. நரேலா எங்கே, ஜங்புரா எங்கே! காலை 6 மணிக்கு வீட்டு வேலைக்கு வர வேண்டியவள் எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள்.

டி.வி. வந்தது. தமிழ்நாட்டிலிருந்து அறிக்கை வந்தது. ஒரு வாரம். அதற்குப் பிறகு எழுதியவர் யார்? சுவரில் எண் போட்ட நாளை எழுதியவர் யார்? இடிக்கும் அன்று நான் போயிருந்தேன். ஒரு அம்மாள் துளசி மாடத்தை மட்டும் பெயர்த்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மண்ணோடு, கனம். யாரும் கை கொடுக்கவில்லை, நானும் வீடியோ எடுத்துக்கொண்டுதான் நின்றேன்.

#14 தென்னவள்

பாலு சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று வேறு எதையும் படிக்க முடியவில்லை.

நாங்லாவில் எழுதினார்களே, அது இடிப்பு வருகிறது என்று தெரிந்து தொடங்கியதல்ல. இரண்டு வருடமாகத் தண்ணீர் வரிசையையும் டீக்கடை பெஞ்சையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் புல்டோசர் வந்த அன்று கை தயாராக இருந்தது. மதராசி கேம்ப்பில் அந்த இரண்டு வருடம் இல்லை. அவர்களுக்குக் கதை இல்லாமலா போயிற்று?

#15 கடுகுமணி

பாலு சார், உங்க பதிவுக்கு அப்புறம் நான் முன்னாடி போட்டதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாத் தெரியுது. காசு எங்கிருந்து வந்துச்சுங்கிற கேள்வியை விடமாட்டேன், அது நிக்கும். ஆனா அந்தக் கேள்வியைக் கேக்க ஜங்புராவுல ஒரு அறையாவது இருந்திருக்கணும்.

#16 ஓலைக்கட்டு

பின்னால் வந்தவர்களையும் சொல்லிவிடுவோம். மும்பையில் 'கேம்ப்' என்ற கலைக்குழு, பெங்களூரில் மாற்றுச் சட்ட மன்றம், இன்னும் சிலரும் சேர்ந்து 2008இல் தொடங்கிய பேட்.மா என்ற இணைய வீடியோக் கிடங்கு இருக்கிறது. படமாக முடியாத, வெட்டாத வீடியோக்களைப் போட்டு, ஒவ்வொரு நொடிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். பாலு சார் எடுத்த வீடியோவை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு நிமிடம் என்றாலும் அதைச் சும்மா வாட்ஸ்அப்பில் விட்டு அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த கோப்பு சுருங்கிப்போய்விடும், தேதியும் அழிந்துவிடும்.

#17 சாவடிராசு

பாலு சார், நரேலாவுக்குப் போன குடும்பங்களோடு உங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா? அந்தப் பிள்ளைகளில் யாராவது எழுதுகிறார்களா? எந்த மொழியில் என்றாலும் சரி.

#18 கரோல்பாக் பாலு

நான்கைந்து குடும்பம் தெரியும். எங்கள் கோயில் பஜனைக்கு வருபவர்கள். ஒரு பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், இந்தி எழுதுவாள். 'என்னம்மா, அங்கே எப்படி இருக்கு' என்று கேட்டேன். 'லிஃப்ட் இல்ல தாத்தா, நாலாவது மாடி. பாட்டி கீழ இறங்கி மூணு மாசம் ஆச்சு' என்றாள். அதை அப்படியே எழுதித் தரச் சொன்னேன். 'இதுல எழுத என்ன இருக்கு' என்று சிரித்தாள்.

வருகிற ஞாயிறு போகிறேன். மெட்ரோ நரேலா வரை இல்லை, பஸ்ஸில்தான். பாட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்யலாம் என்று எண்ணம். என் போனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் நின்றுவிடுகிறது. என்ன செய்வது, மின்கம்பி?

#19 மின்கம்பி

சார், போனில் இடம் எவ்வளவு மீதி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள், பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். விமானப் பயன்முறையில் போடுங்கள், அழைப்பு வந்து குறுக்கிடாது. அரை மணிக்கு ஒருமுறை நீங்களே நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும். மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள். போனைத் துண்டின் மேல் வையுங்கள், மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடியாய் விழும். தொடங்கும்போது தேதி, இடம், யார் பேசுகிறார்கள் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். வெளியே காட்டலாமா என்று பாட்டியிடம் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவில் வையுங்கள்.

அந்தப் பெண்ணையும் கூட உட்கார வையுங்கள். கேள்வியை அவள் கேட்கட்டும்.

#20 கரோல்பாக் பாலு

சரி. துண்டு எடுத்துக்கொள்கிறேன்.